வாய் திறக்காத பெட்டி

கறுப்பு அடித்த பெட்டி என் கண் முன்னாலேயே நரைத்தது. ஜூலை மாதம், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் முன் திண்ணை, எங்கள் பேச்சில் இஸ்தோப்பு. சீக்கிரம் காயட்டும் என்று நைட்ரோசெல்லுலோஸ் வர்ணத்தில் தின்னரைத் தாராளமாக ஊற்றி, இரவல் வாங்கிய ஸ்பிரே கன்னால் அடித்துக்கொண்டிருந்தேன். முதல் பக்கம் கண்ணாடிபோல் மின்னியது. இரண்டாம் பக்கத்தை முடித்துத் திரும்பினால், முதல் பக்கத்தில் பால் சிந்தியதுபோல் வெண்படலம். வாசலில் நின்ற மூடுபனி பெட்டிமேலும் ஏறி உட்கார்ந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோது அந்த நினைப்பு ஏறக்குறைய சரியாகவே இருந்தது.

பக்கத்துக் காம்பராப் பெரியவர் எட்டிப் பார்த்தார். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பெட்டி அடித்தவர். தேயிலை மரப்பெட்டியில் கப்பலேறிய காலத்து ஆள். நரைத்த வர்ணத்தை அவர் கண்டுகொள்ளவே இல்லை. ஒலிபெருக்கிக்காக வெட்டியிருந்த வட்டத்துக்குள் கையை விட்டு உட்பக்கத்தைத் தடவினார்.

“உள்ளுக்கு ஒன்னும் அடிக்கலியா தம்பி?”

“உள்ள யாரு தாத்தா பாக்கப் போறா?”

“பாக்குறதுக்கா அடிக்கிறது?” என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். அந்தக் கேள்வி பிடிபட நான் பெட்டியின் இயற்பியலை ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டியிருந்தது.

முதலில், பெட்டி எதற்கு? கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு 12 அங்குல சப்வூபரை வாங்கிவந்து, பெட்டி இல்லாமல் வெறுமனே மேசையில் வைத்து இணைத்துப் பாருங்கள். கூம்பு வெறிகொண்டு ஆடும். காதில் பேஸ் விழாது. கூம்பு முன்னால் பாயும்போது முன்பக்க வளி நெருங்குகிறது, அதே கணத்தில் பின்பக்கத்து வளி தளர்கிறது. 40 ஹேர்ட்ஸ் மீடிறனில், அதாவது நொடிக்கு 40 அதிர்வில், ஒலியின் அலைநீளம் எட்டரை மீற்றர். கூம்பின் அகலமோ 30 சென்ரிமீற்றர். முன்னால் நெருங்கிய வளி ஓரத்தைச் சுற்றி ஓடிப் பின்பக்கப் பள்ளத்தை நிரப்பிவிடும். கிணற்றுக்குள் வாளியை மேலும் கீழும் அசைத்தால் தண்ணீர் வாளியைச் சுற்றி வழுக்கிப்போகுமே, அதே கதை.

தடுக்க நடுவே ஒரு பலகை வேண்டும். கடைகளில் பெட்டியையே ‘பஃபல்’ என்று கேட்பார்கள். ஆங்கிலத்தில் அது அந்தத் தடுப்புப் பலகையின் பெயர். பலகையின் பெயர் பெட்டிக்கு ஏறியது. 40 ஹேர்ட்ஸைத் தடுக்கப் பல மீற்றர் அகலப் பலகை வேண்டும். லயத்தில் அதற்கு இடமேது? ஆகவே பலகையின் ஓரங்களைப் பின்னால் மடித்து மூடிவிடுகிறோம். சப் பெட்டி என்பது மடித்த சுவர்தான்.

மலையகத்தில் பெட்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது வேறு பெட்டி, தேயிலைப் பெட்டி. ஏறக்குறைய 50 சென்ரிமீற்றர் அகலம், 50 ஆழம், 75 உயரம். மெல்லிய ஒட்டுப்பலகை, ஓரங்களில் ஆணியடித்த தகரப் பட்டை, உள்ளே முதலில் ஈயத்தாள், பிற்காலத்தில் அலுமினியத் தாள். பலகைகள் தனித்தனியாகத் தோட்டத்துக்கு வரும், ஸ்டோரில் வைத்துப் பெட்டியாக அடிப்பார்கள். காலிக்கு அருகிலுள்ள ஜின்தோட்டை ஒட்டுப்பலகை ஆலை இந்தப் பெட்டிகளுக்குப் பலகை செய்தது. ஒட்டுப்பலகைக்கு மரம் தேடிச் சிங்கராஜா மழைக்காட்டுக்குள்ளும் 1970களின் தொடக்கத்தில் இயந்திரங்கள் புகுந்தன. எதிர்ப்பு வலுத்து 1977இல் வெட்டு நின்றது. 1988இல் அந்தக் காடு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. பின்னர் காகிதப் பைகள் வந்து மரப்பெட்டியை ஓய்வுக்கு அனுப்பின. காட்டுக்கு அது நல்ல செய்தி.

அந்தப் பெட்டிகள் கடல் தாண்டிப் போய் இன்னொரு பிறவியும் எடுத்தன. 1950களின் பிரித்தானியாவில் ‘ஸ்கிஃபிள்’ இசை வெறி. கையில் காசில்லாத பையன்கள் காலித் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, நடுவில் துளையிட்டுக் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை ஒரு துடைப்பக் கழியில் மாட்டி, கழியைச் சாய்த்துக் கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் பேஸ் வாசித்தார்கள். 1957 ஜூலை 6 அன்று லிவர்பூலின் வூல்ட்டன் தேவாலய விழாவில் ஜோன் லெனனின் ‘குவாரிமென்’ குழு வாசித்தது. அன்றுதான் லெனனும் போல் மக்கார்ட்னியும் முதன்முதலில் சந்தித்தார்கள். அந்தக் குழுவில் தேயிலைப் பெட்டி பேஸ் வாசித்தவர் லென் கேரி. பீட்டில்ஸ் வரலாறு எழுதுகிறவர்கள் அந்தப் பெட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடந்துபோவார்கள். நம்மால் அப்படிக் கடந்துபோக முடியாது.

கயிறு மட்டும் அதிர்ந்தால் கேட்கவே கேட்காது. அது வளியைத் தள்ள முடியாத அளவு மெல்லியது. கயிறு பலகையை ஆட்டுகிறது, பலகை வளியை ஆட்டுகிறது. ஆகவே மெல்லிய ஒட்டுப்பலகைதான் அங்கே வாத்தியம். தப்பு மேளமும் இப்படித்தான். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிட ஒரு காலத்தில் அடித்ததும், மாசி மாதத்துக் காமன் கூத்தில் இன்றைக்கும் அதிர்வதுமான அந்தத் தப்பில் தோல் ஆடுகிறது, சட்டம் அதற்கு இசைகிறது. வாத்தியம் என்றால் உடம்பே பேச வேண்டும்.

சப் பெட்டி இதற்கு நேர் எதிர். பேச வேண்டியது கூம்பு மட்டுமே. பெட்டியின் பலகையும் கூடவே அதிர்ந்தால், பாட்டில் இல்லாத ஒரு சுருதியைப் பெட்டி தன் சொந்தச் சரக்காகச் சேர்க்கும். நல்ல பெட்டி என்பது வாய் திறக்காத பெட்டி. “பெட்டியே அதிருது மச்சான்” என்று கூட்டாளி புகழ்ந்தால், எங்கோ ஆணி தளர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதை அசையாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை? 12 அங்குலக் கூம்பின் பரப்பு ஏறக்குறைய 520 சதுர சென்ரிமீற்றர். அது 8 மில்லிமீற்றர் உள்ளே போனால், 0.4 லீற்றருக்குச் சற்று அதிகமான இடம் பறிபோகிறது. மூடிய 60 லீற்றர் பெட்டியில் அது 0.7 சதவீதம். நொடிக்குப் பலமுறை நடப்பதால் வளி சூடாகி ஆறுவதற்கு அவகாசமில்லை, எனவே அமுக்கம் அதைப்போல் 1.4 மடங்கு, ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடுகிறது. ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். 45க்கு 40 சென்ரிமீற்றர் பக்கப் பலகை ஒன்றில் அது எவ்வளவு பாரம் தெரியுமா? கொழும்பில் 18 கிலோ. பல தோட்டங்களில் ஒரு நாள் பெயருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, எடுக்கவேண்டும் என்று சண்டை நடக்கும் அதே கொழுந்துக் கணக்கு. அந்தக் கூடையை யாரோ நொடிக்கு 40 தடவை பலகைமேல் வைத்து எடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நுவரெலியாவில் அதே பெட்டிக்குப் பாரம் 14 கிலோதான். 1,868 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் கடல்மட்டத்தில் இருப்பதன் 80 சதவீதம். இதனால்தான் நம் கேத்தலில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. பலகைக்கு இது சலுகை, காதுக்கு நட்டம். கொழும்பில் ஒரு கன மீற்றர் வளி 1.17 கிலோ என்றால் நுவரெலியாவின் குளிரிலும் 0.98 கிலோ மட்டுமே. கூம்பு அதே அளவு ஆடினாலும் தள்ளக் கிடைக்கும் வளி இலேசானது என்பதால் ஒலி 1.6 தெசிபெல் குறைகிறது. அதை ஈடுகட்ட 100 வாட்டுக்குப் பதில் ஏறக்குறைய 145 வாட் வேண்டும். கொழும்பில் கேட்டுப் பார்த்து வாங்கிய சப் மேலே வந்ததும் கொஞ்சம் சோர்ந்துபோனதாகச் சிலர் சொல்வார்கள். கடைக்காரர்மேல் பழிபோடும் முன் மலையையும் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

பலகைக் கணக்கில் தடிப்பே ராஜா. விறைப்பு தடிப்பின் மும்மடியாகக் கூடும். 5 மில்லிமீற்றர் பலகைக்குப் பதில் 18 மில்லிமீற்றர் போட்டால் விறைப்பு 46 மடங்குக்கும் மேல். தேயிலைப் பெட்டிப் பலகை பாடியதும் நம் பெட்டிப் பலகை பாடாததும் இந்த வித்தியாசத்தால்தான். கூடவே, எதிரெதிர்ப் பலகைகளுக்கு நடுவே ஒரு குறுக்குச் சட்டம் கொடுங்கள். காசு குறைவு, பலன் பெரிது. தோட்டத்தில் நிழலுக்கு நட்ட கிரெவில்லியா மரத்துத் துண்டுகூடப் போதும்.

அடுத்தது குழாய். மூடிய பெட்டியில் கூம்பின் பின்பக்க ஒலி முழுவதும் வீண். அதையும் வேலைக்கு இழுக்க பெல் ஆய்வுக்கூடத்தின் ஆல்பர்ட் தூராஸ் 1930இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பெட்டியில் ஒரு திறந்த குழாய், அவ்வளவுதான் யோசனை. வெற்றுச் சோடாப் போத்தலின் வாயில் ஊதினால் ‘பூம்’ என்று வருகிறதல்லவா? கழுத்தில் நிற்கும் வளி ஓர் எடை, வயிற்றில் இருக்கும் வளி ஒரு சுருள்வில். இரண்டும் சேர்ந்து ஒரே மீடிறனில் ஆட விரும்பும். ஜேர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த இந்தப் பரிவில், குழாயின் வளி தன் ஆட்டத்தில் சற்றுப் பிந்தி, கூம்பின் முன்பக்கத்தோடு கைகோத்துத் தள்ளுகிறது. பின்பக்க ஒலி எதிரியாக இருந்தது. இப்போது கூலி வாங்காத வேலைக்காரன்.

60 லீற்றர் பெட்டி, உள்விட்டம் 10 சென்ரிமீற்றர் பி.வி.சி. குழாய், 33 ஹேர்ட்ஸ் வேண்டுமென்றால் குழாயின் நீளம் 28 சென்ரிமீற்றர். இதிலும் மலைக்குப் பங்குண்டு என்றாலும் அற்பமே. குழாயின் சுருதி அமுக்கத்தைக் கவனிப்பதில்லை, ஒலியின் வேகத்தை மட்டும் கவனிக்கிறது. 16 பாகைக் குளிரில் ஒலி நொடிக்கு 341 மீற்றர், கொழும்பின் 28 பாகையில் 348. அதே பெட்டியைக் கொழும்புக்குக் கொண்டுபோனால் 33 ஹேர்ட்ஸ் 33.7 ஆகும். எந்தக் காதுக்கும் தெரியாது.

எந்த ஒலிபெருக்கிக்கு எத்தனை லீற்றர் என்பதை முன்பெல்லாம் தச்சர்கள் கண்ணளவில்தான் சொன்னார்கள். அவுஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961இல் வெளியிட்ட கட்டுரையும், ரிச்சர்ட் ஸ்மோல் 1970களில் எழுதிய தொடரும் அதைச் சூத்திரமாக்கின. இன்று ஒலிபெருக்கியோடு வரும் தாளில் காணும் எண்கள் இந்த இருவரின் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. தாள் தராத கடையில் வாங்காதீர்கள். ஓட்டோவின் பின் இருக்கைக்குக் கீழே சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், பெரிய சத்தம் மூன்றும் வேண்டுமென்று கேட்கும் தம்பிமாருக்கு ஒரு சேதி: மூன்றில் இரண்டைத்தான் இயற்கை தரும். அமெரிக்கப் பொறியியலாளர் ஹொஃப்மன் பெயரால் அதை இரும்பு விதி என்கிறார்கள்.

இனி ஈரம். என் பெட்டி தோற்ற இடமும், பெரியவரின் கேள்வி பிறந்த இடமும் இதுதான்.

மரம் வெட்டிய பிறகும் குடிப்பதை நிறுத்துவதில்லை. வளியின் ஈரப்பதன் 65 சதவீதமாக இருந்தால் மரம் தன் எடையில் 12 சதவீதம் நீரோடு நிற்கும். தென்மேற்குப் பருவத்தில் ஹட்டன் பக்கம் நாள்கணக்கில் நிற்கும் 90 சதவீதத்தில் அது 20 சதவீதமாகும். எம்.டி.எஃப். பலகையும் குடிக்கும். மேற்பரப்பு இறுக்கமானது, வெட்டிய ஓரமோ கடற்பஞ்சு. என் பெட்டியின் ஓரங்கள் ஒரு மழைக்காலம் கழிந்தபோது பாண் துண்டுபோல் உப்பியிருந்தன. வெளிப்பக்கம் மட்டும் வர்ணம் இருந்ததால் உட்பக்கம் குடித்தது, வெளிப்பக்கம் குடிக்கவில்லை. இரு பக்கமும் வெவ்வேறு அளவில் விரிந்தால் பலகை வளையும். வளைந்தால் மூட்டு திறக்கும். அந்த முடியளவு இடுக்கு வழியாகத்தான் நாம் கணக்குப் போட்ட 14 கிலோ அமுக்கம் ‘புஸ்’ என்று வெளியேறும்.

ஸ்டோரில் பெட்டி அடித்தவருக்கு இது பாலபாடம். அடுப்பிலிருந்து வரும் தேயிலைத் தூளில் ஈரம் ஏறக்குறைய 3 சதவீதம். திறந்து வைத்தால் வளியிலிருந்து குடித்துக் கெட்டுப்போகும். ஈயத்தாளும் அலுமினியத் தாளும் எப்போதும் உட்பக்கத்தில் இருந்ததன் காரணம் அதுதான். தப்பு அடிப்பவர்களும் அறிவார்கள்: பனியில் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும், தீ மூட்டிக் காட்டினால்தான் ‘கணீர்’ என்று எழும். தூள், தோல், பலகை மூன்றுக்கும் மலையில் எதிரி ஒருவனே. என் பொறியியல் புத்தகங்கள் எல்லாம் வறண்ட நாட்டில் எழுதப்பட்டவை போலும். ஒன்றிலும் இது இல்லை.

ஆகவே முதல் வேலை, வெட்டிய ஓரங்களுக்கு மரப்பசையில் பாதியளவு நீர் கலந்து இரண்டு பூச்சு, காய்ந்தபின் உப்புத்தாள். பிறகு உள்ளும் புறமும் ஒரே எண்ணிக்கையில் முதற்பூச்சு. உட்பக்கம் அழகாக இருக்கத் தேவையில்லை, ஆனால் ஒரு அங்குலமும் விடுபடக் கூடாது. ஒட்டும் நாளையும் பார்க்க வேண்டும். வெள்ளைப் பசை நீரில் மிதக்கும் பிளாஸ்ரிக் துளிகளால் ஆனது. நீர் போனபின் துளிகள் ஒன்றோடொன்று உருகி இணைய ஓரளவு வெப்பம் வேண்டும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் கொழுந்து கருகும்படி தரைப்பனி விழுவதுண்டு. அந்த இரவில் ஒட்டினால் பசை சுண்ணாம்புபோல் பொடிந்து நிற்கும். இறுக்கிய பெட்டியை அடுப்படிப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வெண்படலத்துக்கு வருவோம். தின்னர் ஆவியாகும்போது பலகையிலிருந்து வெப்பத்தைப் பறித்துக்கொண்டு போகிறது, மேற்பரப்பு குளிர்கிறது. 32 பாகையும் 60 சதவீத ஈரப்பதனும் உள்ள ஒரு சென்னைப் பிற்பகலில், பனி படிய வேண்டுமென்றால் மேற்பரப்பு ஏறக்குறைய 9 பாகை குளிர வேண்டும். 16 பாகையும் 90 சதவீதமுமான ஹட்டன் ஜூலையில் 1.6 பாகை போதும். தின்னர் அதைச் சில நொடிகளில் செய்துவிடும். படிந்த நீர் ஈர வர்ணத்துக்குள் சிக்கி, அதைப் பால்போல் கலங்கவைக்கிறது. என் பெட்டியில் ஏறியது மூடுபனிதான். நானே என் தின்னரால் அதைக் கூப்பிட்டிருக்கிறேன்.

தப்பிக்க வழிகள் உண்டு. மெதுவாக உலரும் எனாமலோ நீர்க்கலவை வர்ணமோ எடுங்கள். பெப்ரவரி, மார்ச்சில் வெயில் விழும் நாளாகப் பார்த்து, காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில் மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். நரைத்துப்போனதையும் மீட்கலாம்: உலர்ந்த நாளில், மெதுவாக ஆவியாகும் தின்னரை மட்டும் மெல்லத் தூவினால் வர்ணம் மறுபடி இளகி, சிக்கிய ஈரம் வெளியேறிவிடும். என் பெட்டி அப்படித்தான் மார்ச்சில் மறுபடி கறுத்தது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இந்த வர்ணம் அடித்தால் பேஸ் இனிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முடியளவு தடிப்புள்ள படலம் 18 மில்லிமீற்றர் பலகையின் குரலை மாற்றாது. வர்ணத்தின் வேலை தண்ணீரை வெளியே நிறுத்துவது.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஊதுபத்தி போதும். 30 ஹேர்ட்ஸ் ஒலியைச் சின்னதாக ஓடவிட்டு, மூட்டுகள் நெடுக ஊதுபத்தியைக் கொண்டுபோங்கள். புகை நேராக எழுந்தால் மூட்டு நல்லது, நடுங்கினால் அங்கே ஓட்டை. குழாயின் வாயில் புகை கூத்தாடும், அது வேறு.

கடைசியாக, பெட்டி வைக்கப்போகும் காம்பரா. பழைய லயக் காம்பராவின் அளவு 10 அடிக்கு 12 அடி. 12 அடி நீளத்தில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலியலை நிலைகொள்ளும் மீடிறன் 47 ஹேர்ட்ஸ், 10 அடிக்கு 56. இரண்டும் பேஸின் நடுமையத்திலேயே விழுகின்றன. அந்தச் சுருதி வரும்போது சுவரோரம் இடிபோல் கேட்கும், காம்பரா நடுவில் காணாமல் போகும். நடுவில் பாய் விரித்து உட்கார்ந்தவர் “போதாது” என்று சத்தத்தைக் கூட்டுவார். சுவருக்கு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருப்பவருக்குத்தான் அதன் முழுப் பங்கும் போய்ச்சேரும். சுவர் ஒலியைத் தடுப்பது தன் எடையால். மீடிறன் பாதியாகக் குறையும் ஒவ்வொரு படிக்கும் தடுப்பு 6 தெசிபெல் குறைகிறது. 400 ஹேர்ட்ஸ் பேச்சை அடக்கிவைக்கும் சுவர் 50 ஹேர்ட்ஸில் அதைவிட 18 தெசிபெல் பலவீனம். பாட்டின் சொல் அங்கே கேட்காது, இடி மட்டும் கேட்கும். மேலே தகரக் கூரையும் சேர்ந்து தாளம் போடும்.

இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி தரக்கூடாது என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2007இல் உத்தரவிட்டிருக்கிறது. பகலுக்கு வேறு அளவுகோல் உண்டு, அதற்குக் கருவி ஒன்றும் தேவையில்லை. பெட்டியை முடித்து முதல் பாட்டைப் போட்டதும் உங்கள் காம்பராவில் நிற்காதீர்கள். பக்கத்துக் காம்பராவுக்குப் போங்கள், நடுச்சுவரில் காதை வையுங்கள், அங்கே நின்றபடியே கூட்டாளியிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.